நல்ல சீட்டு வந்தவரின் அவசரம்

ஒரு கட்டில் உள்ள 52 சீட்டுகளில் மூன்றை எடுத்தால் 22,100 விதமான கைகள் அமையலாம். அவற்றுள் மூன்று ராஜா, மூன்று ஏழு என்று ஒரே எண்ணில் வருபவை வெறும் 52. ஏறத்தாழ 425 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் அப்படி ஒரு கை ஒருவருக்கு வாய்க்கும். மூணு சீட்டு ஆடுகிறவர் விடிய விடிய உட்கார்ந்தாலும் அதைப் பார்க்காமலே எழுந்து போகலாம். வந்துவிட்ட அபூர்வமான ஆட்டத்திலும் பல நேரம் அவருக்குக் கிடைப்பது நடுவில் ஏற்கெனவே கிடந்த சில்லறை மட்டும்தான். அவர் பணத்தை எடுத்துப் போட்ட வேகத்தையும் போட்ட தொகையையும் பார்த்த மாத்திரத்தில் மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சீட்டாட்டம் புதிதல்ல. கல்யாணத்துக்கு முந்தின இரவில் மண்டபத்து மாடியில், இழவு வீட்டுப் பந்தலில், மில்லில் ஷிப்டு முடிந்த பிறகு தென்னந்தோப்பு நிழலில் என்று ஜமுக்காளம் விரிய இடமா இல்லை? பெரும்பாலும் ரம்மி. சில ஜமுக்காளங்களில் மூணு சீட்டு. பணம் வைத்து ஆடி மாட்டிக்கொண்டால் 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பாயும்; தோப்பில் சீட்டாடியவர்கள் பிடிபட்ட செய்தி மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருவதுதான்.

மூணு சீட்டும் போக்கரும் ஒரே குடும்பம். இரண்டிலும் என் சீட்டு உங்களுக்குத் தெரியாது, உங்கள் சீட்டு எனக்குத் தெரியாது. நடுவில் பணம் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் ஏற்றிக் கட்டலாம். எதிராளி பயந்து கவிழ்த்துவிட்டால் சீட்டைக் காட்டாமலே பணத்தை அள்ளிக்கொள்ளலாம். ரம்மியில் சீட்டைச் சேர்ப்பதுதான் வேலை. இந்த ஆட்டங்களிலோ பணத்தைக் கட்டுவதுதான் ஆட்டமே. அதனால்தான் நல்ல கை வந்தால் எவ்வளவு கட்டுவது, எத்தனை சீக்கிரம் கட்டுவது என்ற கேள்வி தோப்பு நிழலைத் தாண்டி, இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித மூளைகள் வரை போயிருக்கிறது. அவர்கள் கண்டுபிடித்தவற்றில் சில, சீட்டைத் தொடாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

உலகம் முழுக்க அதிகம் ஆடப்படும் போக்கர் வகை டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கொடுப்பார்கள். பிறகு எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக இன்னொன்று என்று ஐந்து சீட்டுகளை மேசையில் திறந்து வைப்பார்கள். பொதுச்சீட்டு விழத் தொடங்கிய பிறகு பணம் கட்ட மூன்று சுற்றுகள். ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு வெற்றி. வரம்பில்லாத ஆட்டத்தில் எந்தச் சுற்றிலும் கையில் உள்ள அத்தனையையும் கட்டலாம்.

முதல் மூன்று பொதுச்சீட்டு விழுந்ததுமே உங்களுக்கு மிக நல்ல கை அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 100 ரூபாய். இப்போதே கட்டினால் எதிராளி ஓடிவிடுவாரோ என்ற பயத்தில் பலர் பதுங்குவார்கள். ‘இந்தச் சுற்றில் சும்மா இருப்போம், அவர் மயங்கட்டும்’ என்ற கணக்கு அது. இந்தப் பதுங்கலுக்கு என்ன விலை? ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் கிடக்கும் பணத்தின் அளவுக்கே நீங்கள் கட்ட, எதிராளியும் ஈடுகட்டிக்கொண்டே வந்தால், அவர் முதல் சுற்றில் 100, இரண்டாவதில் 300, மூன்றாவதில் 900 கொடுத்திருப்பார். மொத்தம் 1,300. முதல் சுற்றைச் சும்மா விட்டால் மிச்சம் இரண்டு சுற்று. 100-ம் 300-ம் சேர்ந்து 400-தான். நீங்கள் விட்டது மூன்றில் ஒரு சுற்று. போனதோ மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். பாதிப் பாதியாகக் கட்டினாலும் இதே கதை. 50, 100, 200 என்று 350 வரவேண்டிய இடத்தில் 150 வரும். பணம் கூட்டல் கணக்கில் வளராமல் பெருக்கல் கணக்கில் வளர்வதால், ஆரம்பத்தில் செய்யும் தாமதம் கடைசியில் வந்து அடிக்கிறது.

பதுங்குவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. எதிராளியின் இரண்டு சீட்டும் மேசையில் உள்ள இரண்டும் ஒரே ஜாதி, எல்லாம் ஆட்டின் என்று வையுங்கள். இன்னும் ஓர் ஆட்டின் விழுந்தால் அவர் கை உங்கள் கையைத் தாண்டிவிடக்கூடும். கட்டில் மிச்சம் 9 ஆட்டின். அவர் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 47. அடுத்த சீட்டிலேயே அது வர 19 சதவீத வாய்ப்பு, இரண்டு சீட்டுக்குள் வர 35 சதவீதம். நீங்கள் சும்மா இருந்தால் இந்த வாய்ப்பை அவருக்கு இலவசமாகக் கொடுக்கிறீர்கள். எதிராளியிடம் ஈடுகட்டும்படி எதுவுமே இருக்க வழியில்லாதபோது பதுங்கலாம். உதாரணமாக நல்ல சீட்டெல்லாம் உங்களிடமே சேர்ந்துவிட்ட நேரத்தில். மற்ற நேரங்களில் நல்ல கை உடனே பணத்தைக் கட்டத் தொடங்க வேண்டும். வேகம் என்பதன் முதல் பொருளில் கணிதம் அவசரக்காரர் பக்கம் நிற்கிறது.

அடுத்தது தொகை. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கடைசிச் சுற்று. நடுவில் 100 ரூபாய். உங்கள் கை ஒன்று யாராலும் வெல்லவே முடியாதது, அல்லது ஒன்றுக்கும் உதவாதது. எதிராளியிடம் நடுத்தரமான கை. நல்ல கை வரும்போது மட்டும் கட்டுகிற யோக்கியமான ஆட்டக்காரர் நீங்கள் என்றால், அதைப் புரிந்துகொண்ட எதிராளி நீங்கள் கட்டும்போதெல்லாம் கவிழ்த்துவிடுவார். உங்கள் உயர்ந்த கைக்கு விலை 100 ரூபாய், அவ்வளவுதான். சில நேரம் உதவாத கையை வைத்துக்கொண்டும் அதே தொகையைக் கட்டினால், அதாவது பம்மாத்துக் காட்டினால், எதிராளி திண்டாடுவார். எப்போதும் கவிழ்த்தால் பம்மாத்துக்குத் தோற்பார், எப்போதும் ஈடுகட்டினால் நல்ல கைக்குத் தோற்பார்.

எத்தனைக்கு எத்தனை பம்மாத்து என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 50 ரூபாய் கட்டினால் மூன்று நல்ல கைக்கு ஒரு பம்மாத்து. 100 கட்டினால் இரண்டுக்கு ஒன்று. 200 கட்டினால் மூன்றுக்கு இரண்டு. இந்த விகிதத்தில் எதிராளிக்கு ஈடுகட்டுவதும் கவிழ்ப்பதும் ஒன்றாகிவிடும். அவர் தரப்பிலும் ஒரு கணக்கு உண்டு. உங்கள் பம்மாத்து லாபம் தராமல் இருக்க, 50 ரூபாய்க்கு அவர் மூன்றில் இரண்டு முறை ஈடுகட்ட வேண்டும். 100-க்குப் பாதி முறை. 200-க்கு மூன்றில் ஒரு முறை. இப்போது உங்கள் நல்ல கையின் சராசரி வரவைப் பாருங்கள். 50 கட்டினால் 133 ரூபாய், 100 கட்டினால் 150, 200 கட்டினால் 167. தொகை ஏற ஏற எதிராளி கவிழ்ப்பது கூடுகிறது; ஆனாலும் உங்கள் வரவு கூடிக்கொண்டே போகிறது. எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் 200-ஐத் தாண்டாது, நெருங்கிக்கொண்டே இருக்கும்.

நல்ல கை வந்தவர் ‘பெரிதாகக் கட்டினால் ஓடிவிடுவார்கள்’ என்று பயந்து சிறிதாகக் கட்டுவது இங்கே தப்பாகிறது. அதைவிட முக்கியமான விஷயம், 100-க்கும் 167-க்கும் இடையிலான அந்த 67 ரூபாய் நல்ல கையின் பலத்தால் மட்டும் வரவில்லை. அதே தொகையை அதே முகத்தோடு கட்டிய உதவாத கைகளால் வந்தது. கை வெல்லக்கூடியதுதான், ஆனால் அசைக்க முடியாதது அல்ல என்ற நிலையில் கணக்கு மாறும். பெரிய தொகைக்கு ஈடுகட்டி வருபவர் உங்களைவிட நல்ல கையோடுதான் வருவார். அப்போது சிறிய தொகையே சரி. கட்டும் தொகையைத் தீர்மானிப்பது கை மட்டுமல்ல. எதிராளியிடம் என்னென்ன இருக்கலாம் என்பதும்தான்.

இந்தச் சிந்தனைக்கு வழிபோட்டவர் ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நாய்மன். அணுகுண்டுத் திட்டத்திலும் கணினியின் வடிவமைப்பிலும் தடம் பதித்த அதே மேதை. பிரான்சின் எமில் போரேல் ஏற்கெனவே போக்கரின் சிறிய மாதிரி ஒன்றை ஆராய்ந்திருந்தார். வான் நாய்மன் 1928-இல் ஆட்டக் கோட்பாட்டின் அடிப்படைத் தேற்றத்தை நிறுவினார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய நூலில் போக்கருக்கு என்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். பம்மாத்து என்பது குணக்கேடோ துணிச்சலோ அல்ல, சரியான ஆட்டத்தின் தவிர்க்க முடியாத உறுப்பு என்று அங்கே கணிதமாகவே காட்டினார். எந்தக் கையால் பம்மாத்துக் காட்ட வேண்டும் என்பதற்கு அவர் கண்ட விடை பலரை வியக்க வைக்கும். நடுத்தரக் கையால் கூடாது. இருப்பதிலேயே மோசமான கையால்தான் வேண்டும். நடுத்தரக் கைக்குச் சீட்டைக் காட்டி ஜெயிக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு இருக்கிறது, அதை வீணாக்குவானேன்? மோசமான கைக்கு இழக்க ஒன்றுமில்லை.

தொகையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எத்தனை பெரிய சிக்கல் என்பதைக் கணினிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இவ்வளவுதான் கட்டலாம் என்று தொகையை முடக்கிவிட்ட இருவர் ஹோல்டெமில் முடிவெடுக்க வேண்டிய நிலைகள் ஏறத்தாழ 1-க்குப் பின்னால் 14 பூஜ்யம் போட்ட அளவு. கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங்கின் குழு 2015-இல் அதை ஏறக்குறைய முழுமையாகவே தீர்த்துவிட்டது. தொகைக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டாலோ, நிலைகள் 1-க்குப் பின்னால் 161 பூஜ்யம் என்று ஆகின்றன. விதி மாறவில்லை, சீட்டு மாறவில்லை. எவ்வளவு கட்டலாம் என்பது மட்டும் திறந்துவிடப்பட்டது.

அந்த மலையில் ஏறிய நிரல்தான் லிப்ராட்டஸ். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் துவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரௌனும் உருவாக்கியது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 கை ஆடி, 17 லட்சம் டாலருக்கும் மேலான மதிப்புள்ள வில்லைகளை அள்ளியது. மனிதர்கள் வழக்கமாக நடுப்பணத்தின் பாதியிலிருந்து முழுப்பணம் வரை கட்டுவார்கள். இந்த இயந்திரமோ நடுப்பணத்தைப் போல் சில மடங்கைக்கூடத் தயங்காமல் கட்டியது. நல்ல கையிலும் கட்டியது, உதவாத கையிலும் கட்டியது. மேலே போட்ட 133, 150, 167 கணக்கைத்தான் அது பிரம்மாண்டமான அளவில் செய்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டு கழித்து ப்ளூரிபஸ் என்ற அடுத்த நிரல் ஆறு பேர் ஆட்டத்திலும் மனிதர்களை வென்றது.

இதுவரை தொகை. இனி நொடிகள்.

மூளை ஒரு முடிவை எப்படி எடுக்கிறது என்பதற்கு உளவியலாளர் ரோஜர் ராட்கிளிஃப் 1978-இல் கொடுத்த மாதிரி இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. கிடைக்கும் சான்றுகளை மூளை துளித்துளியாகச் சேர்க்கிறது. ஏதோ ஒரு பக்கம் போதுமான அளவு சேர்ந்ததும் முடிவு பிறக்கிறது. இரண்டு தெரிவுக்கும் இடையே வேறுபாடு பெரிதாக இருந்தால் சான்று ஒரே பக்கம் மளமளவென்று சேரும், முடிவு சட்டென்று வரும். இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்றால் சான்று இங்கும் அங்கும் அலைந்து, முடிவு தாமதமாகும். ஆகவே ஒருவர் எடுத்துக்கொள்ளும் நேரமே அவர் மனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டின் அளவைச் சொல்லிவிடுகிறது. அதைச் சொல்ல அவர் விரும்பவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறார்.

மூன்று ராஜா வந்தவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, கை தானாகப் போகிறது. ஒன்றுக்கும் உதவாத சீட்டு வந்தவருக்கும் யோசிக்க ஒன்றுமில்லை, கவிழ்க்கிறார். நடுத்தரச் சீட்டுக்காரர்தான் தாடையைத் தடவுகிறார். பழகிய ஆட்டக்காரர்கள் இதை எந்த ஆய்வும் இல்லாமலே அறிந்து வைத்திருக்கிறார்கள்.

முகத்தைப் பார்த்துச் சீட்டைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை மட்டும் அவ்வளவு பலமானதல்ல. மைக்கேல் ஸ்லெபியனும் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. அந்தக் குழுவில் ஒருவர் நளினி அம்பாடி. டெல்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் உளவியல் பேராசிரியராகப் புகழ்பெற்று, அதே ஆண்டில் மறைந்தவர். ஓரிரு நொடிக் காட்சியிலிருந்து மனிதர் எவ்வளவு சரியாக மற்றவரை எடைபோடுகிறார் என்பதே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. 2009 உலகப் போக்கர் போட்டியின் ஒளிப்பதிவிலிருந்து, ஆட்டக்காரர்கள் வில்லைகளை மேசையில் நகர்த்தும் துண்டுகளை எடுத்தார்கள். சிலருக்கு இடுப்புக்கு மேல் முழுதும், சிலருக்கு முகம் மட்டும், சிலருக்குக் கைகள் மட்டும் தெரியும்படி காட்டினார்கள். இவரிடம் உள்ள சீட்டு எவ்வளவு நல்லது என்று பார்த்தவர்கள் ஊகிக்க வேண்டும். முகத்தை மட்டும் பார்த்தவர்கள் காசைச் சுண்டிச் சொல்வதைவிடவும் மோசமாகச் சொன்னார்கள். முகத்தை மறைப்பதில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அத்தனை தேர்ச்சி பெற்றவர்கள். கைகளை மட்டும் பார்த்தவர்களோ குருட்டாம்போக்கைவிடச் சரியாக ஊகித்தார்கள். நல்ல சீட்டு உள்ளவரின் கை பிசிறில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. வேறுபாடு சிறியதுதான், ஆனால் பயிற்சியே இல்லாத மாணவர்கள் உலகத்தரமான ஆட்டக்காரர்களிடம் கண்ட வேறுபாடு அது.

சரி, நல்ல சீட்டு வந்தால் வேண்டுமென்றே தாமதித்தால் போகிறது என்று தோன்றும். அமெரிக்காவின் மைக் காரோ 1984-இல் ஆட்டக்காரர்களின் நடத்தை பற்றி எழுதிய நூலின் சாரமே இந்த நடிப்பை எச்சரிப்பதுதான். பலமாக இருப்பவர் பலவீனராக நடிப்பார், பலவீனர் பலசாலியாக நடிப்பார். பெருமூச்சு விட்டு, தலையைச் சொறிந்து, பிறகு பெரிய தொகையைக் கட்டுகிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்கிறார். நடிப்பும் ஒரு வடிவம்தான். நான்கு முறை பார்த்தால் அதுவும் படிந்துவிடும்.

இதற்குச் சரியான தீர்வு சீட்டு மேசையில் பிறக்கவில்லை, கணினிப் பாதுகாப்பில் பிறந்தது. 1996-இல் பால் கோச்சர் ஒரு விஷயத்தைக் காட்டினார். ரகசியச் சாவியைக் கொண்டு ஒரு கணினி கணக்குப் போடும்போது எடுத்துக்கொள்ளும் நேரம், சாவியைப் பொறுத்து நுணுக்கமாக மாறுகிறது. சாவியைப் பார்க்காமலே, நேரத்தை மட்டும் அளந்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். சங்கேத மொழியில் ஓட்டையில்லை, கடிகாரத்தில் இருந்தது. அதன் பிறகு பாதுகாப்பு நிரல்களை எழுதுகிறவர்கள், சாவி எதுவாக இருந்தாலும் ஒரே நேரம் பிடிக்கும்படி எழுதப் பழகினார்கள். தேர்ந்த போக்கர் ஆட்டக்காரர்களும் அதையே செய்கிறார்கள். கை நல்லதோ கெட்டதோ, முடிவு தெரிந்துவிட்டதோ இல்லையோ, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணி, ஒரே மாதிரி கையை நீட்டிக் கட்டுகிறார்கள். தொகைக்குச் சொன்ன விதியே நேரத்துக்கும் பொருந்துகிறது. நல்ல கையும் உதவாத கையும் ஒரே உடையில் வெளியே வர வேண்டும்.

சீட்டே தொடாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ராஜபாளையத்து மில் தொழிலாளர்கள், சத்திரப்பட்டி பேண்டேஜ் நெசவாளர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதி வியாபாரிகள் போன்றவர்களுக்குப் பழக்கமான இன்னொரு ‘சீட்டு’ உண்டு. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் போட்டு, ஒரு லட்சத்தை ஏலம் விடும் ஏலச்சீட்டு. யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குத் தொகை. தள்ளிய பணம் மற்றவர்களுக்குக் கசராகப் பிரியும். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர் ஏலம் தொடங்கிய உடனே, யாரும் வாய் திறக்கும் முன்பே, ‘இருபதாயிரம்’ என்று கேட்டுவிட்டால் என்ன ஆகும்? அவருடைய தேவை எவ்வளவு அவசரமானது என்பது அறை முழுக்கத் தெரிந்துவிடும். எடுக்கும் எண்ணமே இல்லாத ஒருவர், கசர் கூடட்டும் என்று இருபத்தோராயிரம், இருபத்திரண்டாயிரம் என்று ஏற்றிவிட வழி பிறக்கும். ஐந்தாயிரத்தில் மெல்லத் தொடங்கி ஐந்நூறு ஐந்நூறாக ஏறியிருந்தால், மற்றவர்கள் நின்ற இடத்துக்கு ஐந்நூறு மேலே அவருக்கு முடிந்திருக்கும். இந்தச் சங்கடம் வேண்டாம் என்றால், எல்லாரும் தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி மூடிக் கொடுத்து ஒரே நேரத்தில் பிரிப்பது நல்ல வழி. நேரம் கசிய அதில் இடமே இல்லை.

பேரத்தில் நேரம் கசிவதைச் சோதனைக்கூடத்திலும் அளந்திருக்கிறார்கள். அர்காடி கொனோவலோவ், இயான் க்ராய்பிச் இருவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், விற்பவர் சொன்ன விலையை வாங்குபவர் மறுக்க எத்தனை நேரம் எடுத்தார் என்று பார்த்தார்கள். மறுப்பதால் கைவிட்டுப் போகும் லாபம் பெரிதாக இருந்தபோது மறுப்பு தாமதமாக வந்தது. ‘வேண்டாம்’ என்ற சொல் ஒன்றுதான். உடனே வந்த ‘வேண்டாம்’ உண்மையாகவே வேண்டாம் என்றது. தயங்கி வந்தது ‘கொஞ்சம் குறைத்தால் வாங்குவேன்’ என்றது. விற்பவர் கடிகாரத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும்.

இந்த இடத்தில்தான் கைபேசியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் எனக்குக் கவலை தருகின்றன. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு நீண்ட வழக்கு வரலாறு உண்டு. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடுக்க 2021-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. 2022 ஜூனில் நீதியரசர் சந்துரு குழு அறிக்கை தந்தது. அதை ஒட்டி வந்த சட்டம் ஆளுநரிடம் போய்த் திரும்பி, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நேரில் ஆடுவதும் திரையில் ஆடுவதும் ஒன்றல்ல என்று அரசு வாதாடியது. 2023 நவம்பர் 9 அன்று வந்த தீர்ப்பு சட்டத்தை நிறுத்திக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று சொல்லி அவற்றை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்ற விதியை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் ஏற்றது. பிறகு ஒன்றிய அரசின் சட்டம் 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் அது தடை செய்கிறது.

போக்கரில் திறமை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; மேலே எழுதியதெல்லாம் அந்தத் திறமையைப் பற்றியதுதான். ஆனால் திறமை இருப்பதாலேயே தெரியாதவருக்கு ஆபத்து அதிகம். திரையில் முகமும் இல்லை, கையசைவும் இல்லை. மிச்சம் இருப்பவை இரண்டே இரண்டு: எவ்வளவு கட்டினார், எத்தனை நொடியில் கட்டினார். மிக அதிகம் காட்டிக்கொடுப்பவையும் அந்த இரண்டுதான். தோப்பில் நீங்கள் கட்டிய வேகம் அங்கே உட்கார்ந்திருந்த நான்கு பேரின் நினைவில் மங்கிப்போகும். திரையில் ஒவ்வொரு தொடுகையின் நேரத்தையும் பதிந்துவைக்க முடியும். ஆண்டுக்கணக்கில் ஆடிப் பழகியவரோ நிரலோ எதிரில் உட்கார்ந்தால், ஷிப்டு முடிந்து படுக்கையில் சாய்ந்து ஆடுகிற இளைஞரின் நொடிகள் எல்லாம் அவருக்குத் திறந்த புத்தகம்.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. சாதகம் உண்மையாகவே உங்கள் பக்கம் இருந்தாலும், இருக்கும் பணத்தில் எவ்வளவு கட்டலாம்? பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956-இல் இதற்கு விடை கண்டார். நூற்றுக்கு அறுபது முறை வெல்லும், வென்றால் கட்டியதற்குச் சமமாகக் கிடைக்கும் ஒரு பந்தயத்தில், ஒவ்வொரு முறையும் இருப்பில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கட்டுவதே நெடுநாள் வளர்ச்சிக்கு உகந்தது. பத்தில் ஆறு வெற்றி, நான்கு தோல்வி என்றால் 100 ரூபாய் 122 ஆகும். பேராசைப்பட்டு ஒவ்வொரு முறையும் பாதி இருப்பைக் கட்டினால், அதே ஆறு வெற்றியும் நான்கு தோல்வியும் 100 ரூபாயை 71 ஆக்கிவிடும். அதிகம் வென்றும் நட்டம்.

விக்டர் ஹகானி, ரிச்சர்ட் டியூவி இருவரும் 2016-இல் இதையே மனிதர்களிடம் சோதித்தார்கள். நிதித்துறை மாணவர்களும் அத்துறையில் வேலை பார்ப்பவர்களுமாகப் பெரும்பாலும் படித்தவர்கள், மொத்தம் 61 பேர். 60 சதவீதம் தலை விழும் காசு இது என்று முன்கூட்டியே சொல்லி, ஆளுக்கு 25 டாலர் கொடுத்து, அரை மணி நேரம் ஆடவிட்டார்கள். 28 சதவீதத்தினர் முழுப் பணத்தையும் தொலைத்துவிட்டு எழுந்தார்கள். ஏமாற்று இல்லை, எதிராளி இல்லை, சாதகம் வெளிப்படையாகத் தெரியும். கட்டிய தொகைதான் அவர்களைக் கவிழ்த்தது. சமூகவியலாளர் கைல் சைலர் 2010-இல் 2.7 கோடி இணையப் போக்கர் கைகளை ஆராய்ந்து கண்டதும் இதன் உறவுதான்: அதிகமான கைகளை வென்றவர்களே பெரும்பாலும் பணத்தை அதிகம் இழந்தவர்கள். சின்னச் சின்ன வெற்றிகள் நிறைய வரும், பெரிய தோல்வி ஒன்றிரண்டு வந்து எல்லாவற்றையும் கொண்டுபோகும்.

இந்த அறிவியலைக் கற்கப் பணம் தேவையில்லை. விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை கொடுத்து மூணு சீட்டு ஆடுங்கள். ஒருவர் ஆடாமல், ஒவ்வொருவரும் எத்தனை கொட்டை கட்டினார், எத்தனை நொடியில் கட்டினார் என்று நோட்டில் குறிக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லாச் சீட்டையும் திறந்து பக்கத்தில் எழுதுங்கள். நூறு கை ஆனதும் நோட்டைப் புரட்டினால் யார் எப்போது தன்னைக் காட்டிக்கொடுத்தார் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். நிகழ்தகவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியவில்லை. பள்ளிக் கணித ஆசிரியர்களும் முயலலாம்.

பணம் வைத்து ஆடி மீள முடியாமல் தவிப்பவர்களோ, அவர்களைப் பார்த்துத் தவிக்கும் வீட்டாரோ ஒன்றிய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.